புதுப்பிப்பு: அப்பா வீட்டுக்கு வந்து 22 நாள்

சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றிப் படுத்திருந்த அப்பாவை ஆக்சிஜனோடு கேரளாவில் பாலக்காடு பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கே கூட்டி வரலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். கூட்டி வந்துவிட்டோம்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் கரண்ட் இருந்தால்தான் ஓடும். முதல் வாரமே மழையில் ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வைக்கச் சொன்னவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இன்னொன்று, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 90 காட்டினால் பதறிப்போய் ஆக்சிஜனைக் கூட்டிவிடாதீர்கள். இந்த நோய்க்காரர்களுக்குப் பொதுவாக 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றார் டாக்டர். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கமே வரலாம். அப்படி 90 காட்டிய அன்றைக்கு நான் கூட்டத்தான் போனேன், நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (நோயாளியின் வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு) சிஸ்டர் வந்து பார்க்கிறார். கேரளாவில் 2008-லேயே இதற்கு அரசுக் கொள்கை வந்துவிட்டது. அவர் மலையாளத்தில் கேட்க, அப்பா தமிழில் சொல்ல, இருவருக்கும் புரிகிறது. பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கிய, வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் விசாரியுங்கள், பிசியோதெரபியும் வீட்டுக்கு வரும்.

அம்மாவுக்குத்தான் தூக்கமே இல்லை. இன்றிலிருந்து ராத்திரி நானும் அண்ணனும் முறை வைத்து விழித்திருக்கிறோம்.