கதாநாயகி முதுகில் கூடை இருக்கலாமா?

பனிமூட்டம்:
வணக்கம் எல்லோருக்கும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் அனிமேஷன் குறும்படம் செய்யப் பார்க்கிறோம். பகலில் கொழும்பில் ஆளுக்கொரு வேலை, இரவில் இது. 12 நிமிடம், 3 பாட்டு. நடுவில் வந்து போகிற பாட்டு இல்லை, கதையே பாட்டில்தான் நகரும். கதாநாயகி 15 வயதுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம். முதல் வரைபடத்தைப் போட்டிருக்கிறேன். படம் திறக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: இரட்டைப் பின்னல், மூக்குத்தி, பூப்போட்ட மஞ்சள் பாவாடை, இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கு என்கிற முரட்டு விரிப்பு, முதுகில் கொழுந்துக் கூடை, பின்னால் பச்சை மலை, பக்கத்தில் அம்மா. கூடை வேண்டும் என்று இரண்டு பேர், வேண்டாம் என்று இரண்டு பேர். ஒரு வாரமாக வேலை அப்படியே நிற்கிறது. நீங்களாவது தீர்த்து வையுங்கள்.

லயத்துப்பிள்ளை:
அண்ணே, கோபிக்காதீர்கள். தேயிலைப் பாக்கெட்டில் ஒட்டுவதற்கு அருமையான படம். என் அம்மா 27 வருசம் கொழுந்து எடுத்தவர். பூப்போட்ட மஞ்சள் பாவாடையோடு ஒரு நாளும் மலைக்குப் போனதில்லை. சாயம் போன பாவாடை, மேலே அப்பாவின் பழைய சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் படங்கு. கூடையும் எங்கள் டிவிசனில் இப்போது இல்லை, நைலோன் சாக்குதான். பிரம்புக் கூடை சுற்றுலாக்காரர் படம் எடுக்கிற இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம், 15 வயதுப் பிள்ளைக்கு மலையில் என்ன வேலை? வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயதை 2021இல் 16 ஆக்கிவிட்டார்கள். உங்கள் நாயகியை வேலைக்குச் சேர்த்துப் பேர் போட்டால் தோட்டத்தை நடத்துகிற துரை கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஓய்வுவாத்தியார்:
பிள்ளை சொல்வதில் பாதி சரி. மறு பாதியை நான் ஏற்கமாட்டேன். 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை ஒரு நடை போனார்களே, அதில் கடைசி இரண்டு நாள் நானும் நடந்தேன், முழங்கால் வலியோடு. நம் சனம் இந்தியாவில் இருந்து வந்த 200 வருசத்தை நினைத்து நடந்த நடை அது. கோப்பியை நோய் அழித்தது, தேயிலை வந்தது, 1948இல் நம் குடியுரிமை போனது, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அண்ணன் இந்தியாவுக்குக் கப்பல் ஏற தம்பி இங்கேயே நின்றான். இவ்வளவுக்கும் கூட இருந்தது அந்தக் கூடை. அதைக் கழற்றிவிட்டு ஒரு பெண்ணை வரைந்தால் அவள் கொழும்பிலும் இருக்கலாம், கோயம்புத்தூரிலும் இருக்கலாம். பார்க்கிறவனுக்கு முதல் ஐந்து செக்கனில் தெரிய வேண்டாமா, இவள் யார் வீட்டுப் பிள்ளை என்று?

லயத்துப்பிள்ளை:
சேர், கூடை கூடவே இருந்தது சரி. தூக்கினவர்களின் கழுத்து என்ன ஆனது? அம்மா என்னை மலைப்பக்கம் அண்டவே விட்டதில்லை. லீவு நாளில் உதவிக்குப் போனால் மட்டக்கம்பை ஓங்கிக்கொண்டு வருவார், வீட்டுக்குப் போய்ப் படி என்று. இப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருசம். மலையகம் என்று சொன்னதும் இங்கே என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "கொழுந்து எடுக்கத் தெரியுமா?" அந்தக் கேள்விக்கு நம் படமும் ஒத்து ஊத வேண்டுமா?

கோப்பிக்காலம்:
கூடை கிடக்கட்டும். பெயர் என்ன வைத்திருக்கிறீர்கள்? வள்ளி, பொன்னி என்றால் இப்போதே சொல்லுங்கள், நான் கிளம்புகிறேன். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அந்த வயதுப் பிள்ளைகள் டிலுக்‌ஷி, நிலுக்‌ஷி, தர்ஷிக்கா, லக்‌ஷிக்கா. நடுவில் ஒரு "ஷி" இல்லாமல் ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை.

பனிமூட்டம்:
வள்ளி என்றுதான் வைத்திருந்தோம்.

ரெண்டாம்ஃப்ரேம்:
நான் பண்டாரவளை. பதினொரு வருசமாக அனிமேஷன் வேலை, பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர் படங்களுக்குக் கூலிக்கு வரைவது. கொஞ்சம் தொழில் பேசலாமா?

3 நிமிடப் பாட்டு 180 செக்கன். செக்கனுக்கு 24 ஃப்ரேம், மொத்தம் 4320. ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் 2160 படம் வரைய வேண்டும். அது ஒரே ஒரு பாட்டுக்கு, ஒரே ஒரு பெண்ணுக்கு. கூடையின் பிரம்புப் பின்னலை 2160 தடவை வரையப்போவது யார்? பாவாடைப் பூவை? மூக்குத்தி தூரக் காட்சியில் அழுக்குப் புள்ளி மாதிரித் தெரியும், அதற்கும் 2160 தடவை மெனக்கெட வேண்டும். நாலு பேர்தான் இருக்கிறீர்கள். அவள் மேல் ஒரு கோடு குறைந்தால் உங்களுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம்.

இன்னொன்று. உருவத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். வெறும் நிழலாக நின்றாலும் இவள்தான் என்று தெரிய வேண்டும். நான் செய்து பார்த்தேன். கூடை நன்றாகத் தெரிகிறது, பெண்ணைக் காணோம். வாத்தியார் சேர் கேட்கிற ஐந்து செக்கன் அடையாளம் கூடைக்குக் கிடைக்கும், அவளுக்குக் கிடைக்காது.

ஆனால் எனக்குப் பெரிய குறை வேறு. வயது சொன்னீர்கள், ஊர் சொன்னீர்கள், உடுப்பு சொன்னீர்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லவே இல்லையே. இந்த மாதிரிப் படத்தில் நாயகி ஆரம்பத்திலேயே தன் ஆசையை ஒரு பாட்டில் கொட்டிவிடுவாள். மீதிப் படம் அந்தப் பாட்டின் பின்னால்தான் ஓடும். 1989இல் வந்த 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் ஆசைப் பாட்டையே வெட்டிவிடப் பார்த்தார்கள், முன்னோட்டம் பார்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் நெளிந்தார்கள் என்று. படக்குழு வாதாடிக் காப்பாற்றியது. 'ஃப்ரோசன்' (2013) கதையில் எல்சா முதலில் வில்லி. 'லெட் இட் கோ' பாட்டை எழுதிக் கேட்டதும், இப்படிப் பாடுகிறவள் வில்லியாக இருக்க முடியாது என்று கதையைத் திருப்பி எழுதினார்கள். அங்கே பாட்டு வந்து ஆளையே மாற்றியது. நீங்கள் பாவாடையில் ஆரம்பித்திருக்கிறீர்கள்.

பனிமூட்டம்:
கறுப்பாக்கிப் பார்த்தோம். வெட்கமாகத்தான் இருந்தது.

ஸ்கூல் சீருடையும் போட்டுப் பார்த்தோம். வெள்ளைச் சட்டை மூடுபனிக்குள் காணாமல் போகிறது. தலையும் காலும் மட்டும் மிதக்க, பேய்ப்படம் மாதிரி ஆகிவிட்டது. மேலே சிவப்பு ஸ்வெட்டர் போட்டால் நம் ஊர்க் குளிருக்கும் பொருந்தும், பச்சை மலைக்கு எதிரில் எடுத்தும் காட்டும். மெர்மெய்டின் பச்சை வாலுக்குச் சிவப்பு முடி வைத்ததும் இந்தக் கணக்கில்தான். ஆசை என்ன என்பதற்கு மட்டும் இன்னும் எங்களிடம் பதில் இல்லை.

கோப்பிக்காலம்:
சிவப்பா? தேர்தல் நேரத்தில் திரையிட்டுவிடாதீர்கள். இங்கே சட்டை நிறத்தைப் பார்த்துத்தான் எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று கேட்பார்கள்.

பதுளைரோட்டு:
ஸ்வெட்டர் நிறத்துக்கு இவ்வளவு பேச்சு. அவள் தோல் நிறத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. வரைபடத்தில் மகள் கோதுமை நிறம், அம்மா கறுப்பு. மகளுக்கு முகத்தில் மூன்றில் ஒரு பங்கு கண், அம்மாவுக்குச் சாதாரணக் கண். கறுப்பாக இருக்கிறவள் கதாநாயகியின் அம்மாவாக மட்டும்தான் வரலாமா?

பேச்சையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தமிழ் என்றதும் யாழ்ப்பாணத் தமிழைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். பாடகியை இந்தியாவில் பிடித்தால் சென்னைத் தமிழ் வந்துவிடும். எங்கள் பிள்ளை "பெரட்டுக்கு நேரமாச்சு", "மடுவத்துல நிறுத்துட்டு வாறேன்" என்றுதான் பேசும் (பெரட்டு காலையில் வேலைக்குக் கூடுவது, மடுவம் கொழுந்து நிறுக்கிற இடம்). பாடினாலும் அப்படித்தான் பாட வேண்டும்.

ரெண்டாம்ஃப்ரேம்:
தோல் நிறம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கண்ணை மட்டும் நான் விடமாட்டேன். உங்கள் படத்தைப் பாதிப் பேர் போனில்தான் பார்க்கப்போகிறார்கள். அந்தச் சின்னத் திரையில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரிவது கண்ணில். வேண்டுமானால் அம்மாவுக்கும் அதே அளவு போடுங்கள், ஒரே குடும்பம் என்றாவது தெரியும்.

சின்னதாக்க வேண்டியது கண்ணை அல்ல, பெரிதாக்க வேண்டியது காலை. 'மோவானா' (2016) நாயகி நீந்த வேண்டும், ஏற வேண்டும், படகு ஓட்ட வேண்டும் என்பதால் அவளுக்கு உறுதியான உடம்பு வைத்தார்கள். உங்கள் பெண்ணின் கணுக்கால் பென்சில் மாதிரி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நம் குறுக்குப் பாதையில் ஏறச் சொல்லுங்கள் பார்ப்போம்.

குரலை முதலில் பதிவு செய்யுங்கள், வாயைப் பிறகு வரையுங்கள். "மடுவத்துல" என்னும்போது "ம"வுக்கு உதடு மூடும், "வ"வுக்குக் கீழ் உதடு பல்லைத் தொடும். எழுத்துத் தமிழுக்கு வாய் வரைந்துவிட்டு மேலே பேச்சுத் தமிழை ஒட்டினால் டப்பிங் படம் மாதிரி இருக்கும்.

லயத்துப்பிள்ளை:
ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணையும் பார்க்கவில்லை, நிறத்தையும் பார்க்கவில்லை. "இந்தப் புள்ள படங்க இப்புடியா கட்டும்? மொத நெரையிலயே அவுந்து வுழுந்துரும்" என்றார்.

கூடைக் கயிற்றை ஸ்கூல் பேக் மாதிரித் தோளில் மாட்டியிருக்கிறீர்கள். அது தலையில் வரும். பாரம் கழுத்தில் இறங்கும், அதனால் தலை முன்னால் தள்ளி நிற்கும். அம்மா வேலைக்குப் போகாத நாளிலும் அப்படித்தான் நடக்கிறார், எனக்கு அது இப்போதுதான் கண்ணில் பட்டது. கொழுந்து எடுக்கிற விதத்தையும் அடுப்படியில் நின்று செய்து காட்டினார். இரண்டு கையாலும் கிள்ளுவது, கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலால் எறிவது. கிள்ளு, கிள்ளு, கிள்ளு, எறி. நான் சும்மா மேசையில் விரலால் தட்டிக்கொண்டே பார்த்தேன். தாளம் தப்பவே இல்லை.

ஓய்வுவாத்தியார்:
ஆக, கூடை வேண்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

லயத்துப்பிள்ளை:
சேர்! அம்மா முதுகில் இருக்கட்டும். மகள் முதுகில் வேண்டாம். நான் முதலில் இருந்து சொல்வது அதுதான்.

ரெண்டாம்ஃப்ரேம்:
நிமிடத்துக்கு 120 தட்டு வைத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃப்ரேம். மூன்று கிள்ளு, ஓர் எறி, 48 ஃப்ரேமில் ஒரு சுற்று. 24 படம் வரைந்தால் போதும், அதையே திருப்பித் திருப்பி ஓடவிடலாம். அந்த அம்மாவுக்கு நான் ஒரு டீ வாங்கித் தரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

லயத்துப்பிள்ளை:
அவர் டீ குடிக்கமாட்டார். கோப்பிதான்.

ஓய்வுவாத்தியார்:
பாட்டு என்று வந்ததால் சொல்கிறேன். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் 1930களிலேயே தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினவர். சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில் சங்கத்துச் செய்தியை வைத்துப் பாடினார். பேச்சுக்குக் காது கொடுக்காதவனும் பாட்டுக்கு நிற்பான் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பாடுகிற பெண் வேண்டும் என்றால் நம் சரித்திரத்திலேயே இருக்கிறாள். அவள் முதுகில் கூடை இல்லை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

பதுளைரோட்டு:
ஆசை என்ன என்று கேட்டீர்களே. மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் மாசியில் காமன் ஊன்றுவார்கள். தப்பு மேளச் சத்தத்தில் லயத்துத் தகரமே அதிரும். மன்மதன் எரிந்த பிறகு அவன் மனைவி ரதி அழுது பாடுகிற இடம் வந்தால் எங்கள் பாட்டி முந்தானையை எடுத்துக்கொள்வார். அந்த ரதி வேஷம் கட்டுவது ஆண். நான் பார்த்த காலத்தில் ஒரு பெண்ணும் கட்டவில்லை. ஒரு 15 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாட்டைத் தான் பாட வேண்டும் என்று ஆசை வந்தால்? யாருக்கும் தெரியாமல் தேயிலைக்குள் போய்ப் பாடிப் பழகினால்?

ஓய்வுவாத்தியார்:
வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருக்கிறவர்கள். அது விளையாட்டுக் காரியமில்லை, சாமி காரியம். பெண் பிள்ளையை ரதியாக நிறுத்தினால் ஊர் ஒப்பாது. நானும் ஒப்பமாட்டேன்.

ரெண்டாம்ஃப்ரேம்:
நன்றி சேர். இவ்வளவு நேரம் படத்தில் எதிராளி இல்லாமல் இருந்தது.

கோப்பிக்காலம்:
லாவணிப் போட்டிப் பாட்டில் மன்மதன் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடியப் பாடுவார்கள். இங்கே கூடைக் கட்சி, கூடாத கட்சி. தப்பு ஒன்றுதான் குறை.

லயத்துப்பிள்ளை:
சேர், உங்களோடு சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். எங்கள் லயத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரி வைக்கிறவர்கள் எல்லாரும் பெண்கள்தான். புருசனை எரித்த பிறகு ரதி பாடுவதும் ஒப்பாரிதானே? செத்த வீட்டில் பெண் பாடலாம், கூத்தில் மட்டும் அவளைப் போல ஓர் ஆண்தான் பாட வேண்டுமா?

ஓய்வுவாத்தியார்:
யோசித்துச் சொல்கிறேன்.

பனிமூட்டம்:
நேற்று நாலு பேரும் விடியும் வரை இருந்தோம். புது வரைபடம் போட்டிருக்கிறேன். வெள்ளைச் சீருடை, அதன் மேல் அண்ணனுடைய பெரிய ஸ்வெட்டர். கை இரண்டும் விரல் நுனிக்குக் கீழே தொங்கும், நிழலாகப் பார்த்தாலும் அவள்தான் என்று தெரிகிறது. சிவப்பா நீலமா என்று இன்னும் முடிவாகவில்லை, கோப்பிக்காலம் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார். தலையில் பிஸ்கட் பெட்டி அட்டையில் அவளே வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டிய ரதி கிரீடம், ஒரு பக்கம் சரிந்திருக்கும். மகளுக்கும் அம்மாவுக்கும் ஒரே நிறம், ஒரே கண். கணுக்காலையும் திருத்தியாயிற்று. அம்மாவுக்கு நைலோன் சாக்கு, வரையவும் சுகம்.

ஒரே ஒரு காட்சியில் மகள் அந்தக் கயிற்றை எடுத்துத் தன் தலையில் மாட்டிப் பார்க்கிறாள். அம்மா வந்து ஒன்றும் பேசாமல் கழற்றிவிடுகிறார். வாத்தியார் சேருக்காக வைத்த காட்சி இல்லை என்று சொன்னால் பொய்.

பெயர் தர்ஷிக்கா. வீட்டில் மட்டும் வள்ளி என்று கூப்பிடுவார்கள், அதை விட மனம் வரவில்லை. படங்கு மட்டும் எத்தனை தடவை வரைந்தாலும் சரியாக வரவில்லை. தங்கச்சி, அம்மாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

லயத்துப்பிள்ளை:
கேட்டேன். சனிக்கிழமை வரச் சொல்கிறார். கட்டிக் காட்டுவாராம், வீடியோவும் எடுக்கலாமாம், ஆனால் இடுப்புக்குக் கீழே மட்டும், முகம் வரக் கூடாது. படத்துக்குச் சத்தம் வேண்டும் என்றால் பின்னேரம் மடுவத்துக்கு வாங்க என்கிறார். நிறுக்கிற நேரத்தில் அங்கே யாரும் பாடமாட்டார்கள், கணக்கில் கிலோவைக் குறைத்ததற்குச் சண்டைதான் நடக்குமாம், அதையும் பிடித்துக்கொள்ளட்டும் என்றார்.

ஓய்வுவாத்தியார்:
சனிக்கிழமை நானும் வருகிறேன். ரதி பாடுவதில் நாலடி எனக்குப் பாடம். பாட்டை மட்டும்தான் சொல்லித் தருவேன், வேஷத்துக்கு இன்னும் சம்மதம் சொல்லவில்லை.