முதலில் சிப், பிறகுதான் ஊசி: நாய், பூனையோடு வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு

கேள்வி: அக்கா, வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மியூனிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் சேர வேண்டும். எங்களிடம் ஐந்து வயதில் ஒரு நாட்டு நாய் இருக்கிறது, பெயர் மணி. வருடம் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறோம், அட்டையும் இருக்கிறது. தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சிப் மட்டும் பொருத்தவில்லை. நான் முதலில் போய் வீடு பார்த்துவிட்டு, பிறகு மணியைக் கார்கோவில் வரவழைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறார். சரிப்பட்டு வருமா?

பதில்: தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்தில் மணி ஜெர்மனிக்குள் வர முடியாது. பணம் கொடுத்தாலும் முடியாது, எந்த ஏஜென்டாலும் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் அவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். குறைந்தது நாலு மாதம் ஆகும், நாலரை என்றே கணக்கு வையுங்கள். ராயபுரத்திலிருந்து என் நாய் கறுப்பியை பிராங்பர்ட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

உங்கள் அட்டையில் உள்ள ஊசிகள் எல்லாம் மணியின் உடம்புக்கு நல்லது செய்தவைதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் அவை இல்லாதவை. சிப் பொருத்திய அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ரேபிஸ் ஊசி மட்டும்தான் அங்கே செல்லுபடியாகும். காரணம் எளிது: அட்டையில் இருக்கும் நாயும் எதிரே நிற்கும் நாயும் ஒன்றுதான் என்று நிரூபிக்க அந்தப் பதினைந்து இலக்க எண்ணைத் தவிர வேறு வழியில்லை. சிப் ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில் இருக்க வேண்டும். பொருத்தியதும் ஸ்கேனரை வைத்துப் படிக்கச் சொல்லி, திரையில் தெரியும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டதும் மருந்துக் குப்பியில் உள்ள ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். தேதியும் கையெழுத்தும் மட்டும் இருக்கிற அட்டை போதாது.

ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை என்பதால் இந்தப் பரிசோதனை கட்டாயம். ரத்தத்திலிருந்து பிரித்த சீரம், ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் எதிர்ப்புப் பொருள் இருந்தால் தேர்ச்சி. அதோடு முடியவில்லை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஊசிக்கு முன்பே எங்காவது கடிபட்டு நோய்க்கிருமி உடம்புக்குள் போயிருந்தால், பெரும்பாலும் அந்த மூன்று மாதத்துக்குள் நோய் வெளியே தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. நம் தெருக்களில் ரேபிஸ் இன்னும் ஒழியவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 5ஆம் தேதி சிப்பும் ஊசியும் போட்டால், பிப்ரவரி 6ஆம் தேதி ரத்தம் எடுக்கலாம். மே 7க்குப் பிறகு டிக்கெட் போடலாம். இடையில் அடுத்த ஊசியின் தவணை வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். தவணை தவறாமல் போட்டுக்கொண்டே வந்தால் இந்த ரத்தப் பரிசோதனை ஆயுளுக்கும் செல்லும். ஒருமுறை தவறினால் எல்லாம் முதலிலிருந்து.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கறுப்பிக்கு ரத்தம் எடுத்த இடத்தில், ஆய்வகப் படிவத்தில் சிப் எண்ணின் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டார்கள். நானும் பார்க்கவில்லை. நல்ல மதிப்போடு முடிவு வந்தது, ஆனால் அது கறுப்பியின் முடிவு என்று காட்ட வழியில்லை. மறுபடி ரத்தம், மறுபடி மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் என் அப்பா தினமும் இரவு வேலை முடிந்து வந்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவளை நடத்திக் கூட்டிப் போனார். ஆகவே எந்தத் தாளில் யார் எண்ணை எழுதினாலும், நீங்கள் ஓர் இலக்கம் சொல்ல, வீட்டில் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

இப்போது அம்மா சொன்ன யோசனைக்கு வருகிறேன். பெரும்பாலோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு முன்னும் பின்னும் ஐந்து நாளுக்குள் செல்லப்பிராணி வந்தால்தான் அது சொந்தப் பிராணியின் பயணம். அதைத் தாண்டினால் வணிக முறையில் வரும் விலங்காகவே கருதுவார்கள், விதிகளும் கடுமையாகிவிடும். நீங்கள் இப்போது போய்விட்டு, நாலு மாதம் கழித்து மணியை மட்டும் தனியாக அனுப்பச் சொன்னால் அந்தச் சிக்கல் வரும். ஒரு விடுமுறையை மணிக்காக ஒதுக்கிவிடுங்கள். நாலரை மாதம் கழித்து நீங்களே சென்னைக்கு வந்து கூட்டிப் போங்கள். அம்மாவோ வேறு யாரோ கொண்டுவந்தால், உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், நீங்களும் அந்த ஐந்து நாள் இடைவெளிக்குள் பயணம் செய்திருக்க வேண்டும்.

கடைசி பத்து நாள்தான் ஓட்டம். ஜெர்மன், ஆங்கிலம் இரண்டும் உள்ள ஐரோப்பிய உடல்நலச் சான்றிதழ், ஐரோப்பாவில் இறங்குவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் அரசு கால்நடை அதிகாரியின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். நமக்கு அது பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம். தண்டையார்பேட்டையிலிருந்து ஊரின் மறுமுனை. மணியையும் கூட்டிக்கொண்டு காலையில் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். பாஸ்போர்ட், டிக்கெட், ஊசி அட்டை, ஆய்வக முடிவு எல்லாவற்றிலும் மூலமும் இரண்டு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு முறையைப் போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தவர் கொடுத்த பழைய படிவத்தை நிரப்பாதீர்கள், படிவம் அவ்வப்போது மாறும். சிப்பும் ஊசியும் போட உங்களுக்கு அருகில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903இலிருந்து இயங்கும் இடம்.

கூண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். நம் பக்கத்தில் தச்சரிடம் மரப்பெட்டி செய்துவிடலாம் என்று தோன்றும். துறைமுகத்தில் வேலை செய்த என் மாமாதான் தடுத்தார்: வெறும் மரத்தில் செய்த பெட்டி எல்லை தாண்ட வேண்டுமானால், ஏற்றுமதிப் பலகைகளில் இருப்பதுபோல், மரத்தை வெப்பமூட்டிப் பூச்சி நீக்கியதற்கான முத்திரை வேண்டும். விமானப் பயணத்துக்கென்றே வரும் பிளாஸ்டிக் கூண்டு வாங்குங்கள். இன்றே வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதவைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். கறுப்பி மூன்று வாரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அப்பா தன் பழைய லுங்கியை உள்ளே விரித்தார், அன்றிரவே போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த லுங்கி பிராங்பர்ட் வரை வந்தது. தூக்க மருந்து கொடுக்காதீர்கள். உயரத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறும், பல விமான நிறுவனங்கள் ஏற்றவும் மறுக்கும். மே மாதக் கத்திரி வெயிலைத் தவிர்த்து, முடிந்தால் இரவு விமானமாகப் பாருங்கள். பக், பாரசீகப் பூனை போன்ற தட்டை மூக்குப் பிராணிகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. மணிக்கு அந்தக் கவலை இல்லை.

இறங்கியதும் சுங்கத்தில் சிவப்பு வழியாகச் சென்று நீங்களே அறிவியுங்கள். பிறகு நகராட்சியில் பதிவு செய்து நாய் வரி கட்ட வேண்டும், தொகை ஊருக்கு ஊர் மாறும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வீட்டு உரிமையாளரிடம் நாய் இருப்பதைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறைத்துக் குடியேறி, பிறகு நாயா வீடா என்று நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், நாய்தான் போகிறது.

கேள்வி: நன்றி அக்கா. என் மனைவியின் தங்கை வியாசர்பாடியில் ஒரு பூனையோடு இருக்கிறாள். அவளுக்கு அமெரிக்காவா பிரிட்டனா என்று இன்னும் முடிவாகவில்லை. ஜெர்மனி விதிதான் எல்லா இடத்துக்குமா?

பதில்: இல்லை தம்பி. ஒரு நாட்டின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்தவே கூடாது. பிரிட்டன் ஏறத்தாழ இதே வரிசை: சிப், ஊசி, 30 நாள், ரத்தம், மூன்று மாதம். நாயாக இருந்தால் நுழைவதற்கு 24 மணி நேரத்திலிருந்து 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தும் வேண்டும், பூனைக்கு அது இல்லை. வழக்கமாக விமானத்தில் கார்கோவாகத்தான் உள்ளே விடுவார்கள், பயணியோடு கேபினில் அல்ல.

அமெரிக்கா பூனைக்கு எளிது. மத்திய அரசு பூனைக்கு ரேபிஸ் ஊசி கேட்பதில்லை. ஆனால் மாநில விதியைப் பார்க்க வேண்டும், ஹவாய் மிகக் கடுமை. நாய்க்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் விதி மாறிவிட்டது. ஆறு மாத வயது நிறைந்திருக்க வேண்டும், சிப் வேண்டும். இந்தியா ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய்க்கு அரசுக் கால்நடை அதிகாரி உறுதிசெய்த படிவமும், பதிவு பெற்ற விலங்குப் பராமரிப்பு மையத்தில் முன்பதிவும் கட்டாயம். அந்த மையம் உள்ள விமான நிலையத்தில் மட்டுமே இறங்கலாம். செல்லத்தக்க ரத்தப் பரிசோதனை இல்லையென்றால் 28 நாள் தனிமை, செலவு உங்களுடையது.

சிங்கப்பூர் போகிறவர்கள் விமானத்தைவிட வீட்டைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டும். அரசு அடுக்குமாடி வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றுதான் வளர்க்கலாம். பூனைக்கு 2024 செப்டம்பர் 1 முதல்தான் அனுமதி, உரிமத்தோடு இரண்டு வரை. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகக் கொண்டுபோகவே முடியாது. அங்கீகரிக்கப்பட்ட வேறு நாட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்து, பிறகு மெல்போர்னுக்கு அருகே மிக்கில்ஹாமில் தனிமையில் விட வேண்டும். வயதான பிராணியை அந்த வழியில் இழுத்தடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பன்னிரண்டு வயது நாய்க்குத் தெரிந்த வாசலும் தெரிந்த கையும் போதும், பாட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

தங்கையிடம் சொல்லுங்கள்: நாடு முடிவாகும்வரை காத்திருக்க வேண்டாம். சிப்பும் அதே நாளில் ரேபிஸ் ஊசியும் இந்த வாரமே போட்டுவிடட்டும். எந்த நாடானாலும் அது வீணாகாது. மணிக்கும் அவளுடைய பூனைக்கும் ஒரே நாளில் போட்டால் ஒரே ஆட்டோவில் போய் வரலாம், ஆனால் பூனையைத் தனிக் கூடையில் வைத்து, மேலே துணி போட்டு மூடச் சொல்லுங்கள்.