ஹெட்லைட் போட்டால் எரியும் பேட்டரி விளக்கு

கார்த்தி: சேகர் மாமா, தாத்தா காரில் டேஷ்போர்டு பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது, அதுவும் ராத்திரி ஓட்டும்போது மட்டும். மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்த கையோடு பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போச்சு, புதுசு போட்டுவிடலாம் என்கிறார். வாங்கிவிடவா?

சேகர் மாமா: வாங்காதே, இரு. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார். விளக்கு எப்படி எரிகிறது?

கார்த்தி: பளிச்சென்று எரிகிறது. ஸ்டார்ட் செய்தால் அணைந்துவிடுகிறது. ஹெட்லைட் போட்டதும் திரும்ப மங்கலாக வருகிறது.

தீபக்: டேய், வண்டி ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார். இன்ஜின் நின்றால் ஆல்டர்னேட்டர் அவுட், ஓடினால் ஓகே. ரொம்ப சிம்பிள்.

சேகர் மாமா: தீபக், அந்த வேலையை மட்டும் யாருக்கும் சொல்லாதே. பேட்டரி இருப்பதால்தான் வோல்டேஜ் நிதானமாக நிற்கிறது. ஓடும்போது கழற்றினால் சட்டென்று எகிறும், உள்ளே ஏசியை டிசியாக மாற்றும் டயோடு, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எல்லாம் போய்விடும், நன்றாக இருந்த ஆல்டர்னேட்டரை நாமே கொன்றது போல ஆகும். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பெரியப்பா: ஆல்டர்னேட்டருக்கு முன்னால் டைனமோ இருந்த எங்கள் பழைய வண்டிகளில், ஐடிலில் அந்த விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினால் அணையும். யாரும் கவலைப்பட்டதில்லை.

சேகர் மாமா: டைனமோவுக்கு அது சகஜம்தான் அத்தான், ஐடிலில் அது போதுமான கரண்ட் தராது. இவன் வண்டியில் ஆல்டர்னேட்டர் மாற்றியாகிவிட்டதே. கார்த்தி, பேட்டரி முனைகளில் மீட்டர் வை. இன்ஜின் நிற்கும்போது எவ்வளவு, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் எவ்வளவு?

கார்த்தி: நிற்கும்போது 12.6 வோல்ட். ஓடும்போது 14.1. ஹெட்லைட் போட்டால் 13.9. ஃபேன் பெல்ட்டும் இறுக்கமாக இருக்கிறது.

சேகர் மாமா: 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அதே முனைகளில் பார், அரை வோல்ட்டுக்கு மேல் போனால் டயோடு சந்தேகம். சில மலிவு மீட்டர் 28 என்று காட்டும், பயந்துவிடாதே, மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை மாற்றி வைத்துப் பார்.

கார்த்தி: 0.04தான் மாமா. எல்லாமே சரி என்றால் விளக்கு ஏன் எரிகிறது?

சேகர் மாமா: அந்த பல்பின் ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்சிலிருந்து வருகிறது, மறுபக்கம் ஆல்டர்னேட்டரின் சின்ன டெர்மினலுக்குப் போகிறது. தராசு மாதிரிதான், இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் என்றால் அணைந்திருக்கும். சாவி மட்டும் ஆன் என்றால் ஆல்டர்னேட்டர் பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் முழுசாக எரியும். உனக்கு ஆல்டர்னேட்டர் பக்கம் 14 இருக்கிறது, சுவிட்ச் பக்கம்தான் வழியில் எங்கேயோ வோல்டேஜ் தொலைகிறது. ஹெட்லைட் போட்டால் அந்த வயரில் கரண்ட் கூடும், இழப்பும் கூடும், விளக்கு தலைகாட்டும். ஹெட்லைட் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறதா?

கார்த்தி: ஆமாம்! அதனால்தான் நானும் சார்ஜ் போதவில்லை என்று நினைத்தேன்.

தீபக்: அப்போ பல்பையே கழற்றிவிட்டால் தொல்லை விட்டது 😄

சேகர் மாமா: பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. கழற்றினால் சில வண்டிகளில் ஸ்டார்ட் செய்த பிறகும் சார்ஜே ஆகாது. எல்இடி பல்பு போட்டாலும் இதே கதை நடக்கலாம். பெல்ட் அறுந்தாலும் தெரியாது, அந்த பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். கார்த்தி, சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவில் வை, கறுப்பு முனையை இக்னிஷன் சுவிட்சுக்குள் வரும் வயரில் வை. இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் போடு. வழியில் தொலையும் வோல்டேஜ் மீட்டரில் தெரியும்.

கார்த்தி: 1.9! ஹெட்லைட் அணைத்தால் 0.6.

சேகர் மாமா: பிடித்தாயிற்று. 0.3 வரை இருந்தால் விட்டுவிடலாம், இது அதிகம். ஹெட்லைட் எரியட்டும், அந்த வயரைத் தொடர்ந்து போய் ஒவ்வொரு கனெக்டரையும் லேசாகத் தொட்டுப் பார். சூடாக இருப்பதுதான் ஆள். சுட்டுக்கொள்ளாதே.

சுமதி சித்தி: கண்டுபிடித்ததும் இன்ஜினை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலை செய், கார்த்தி.

கார்த்தி: கிடைத்துவிட்டது. ஃபியூஸ் பாக்ஸ் பின்னால் ஒரு கனெக்டர், பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறது, உள்ளே தகடு முழுக்கப் பச்சையாகப் பூத்திருக்கிறது.

சேகர் மாமா: சுரண்டி மாட்டாதே, சூடு பட்ட தகடு பிடிமானம் இழந்திருக்கும். நல்ல வயர் வரும் வரை வெட்டிவிட்டுப் புது டெர்மினலை வயரில் அழுத்தி கிரிம்ப் செய். சித்தி சொன்ன மாதிரி முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்று.

கார்த்தி: மாற்றிவிட்டேன். ஹெட்லைட்டோடு 0.2. விளக்கு சுத்தமாக இல்லை, ஹெட்லைட்டும் வெள்ளையாக எரிகிறது!

சேகர் மாமா: சரி. அப்புறம் ஹெட்லைட்டுக்கு ரிலே ஒன்று, அதாவது சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன் செய்யும் சுவிட்ச், போட்டுவிடு, அவ்வளவு கரண்ட்டும் அந்தப் பழைய சுவிட்ச் வழியாகப் போக வேண்டாம்.