நாற்றம் நின்றது, கன்றுகள் சாய்ந்தன

மாடு வளர்ப்பவர்:

எங்கள் கொட்டகைக்கு அடியிலேயே சாணிக்குழி. சாணமும் கோமியமும் தரையின் இடுக்குகள் வழியே கீழே இறங்கிவிடும். மாதக்கணக்கில் தேங்கியதை வயலுக்கு இறைக்கும் முன் இயந்திரம் விட்டுக் கலக்க வேண்டும். அன்று இலைகூட அசையவில்லை. பெரிய மாடுகளை வெளியே ஓட்டிவிட்டு, நான்கு கன்றுகளை மட்டும் மூலைத் தடுப்பிலேயே விட்டிருந்தேன். பத்து நிமிட வேலைதானே என்ற நினைப்பு. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. சற்று நேரத்தில் அது நின்றுபோனது. அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். என் மூக்குதான் மரத்துப்போயிருந்தது என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லிப் பிறகு அறிந்தேன். அந்த நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு வாயு, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு சேர்ந்தாலே மோப்பம் போய்விடும். 500-ஐத் தாண்டினால் மயக்கம் வரும். 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே உயிர் போய்விடும். அசையாமல் கிடக்கும் சாணிக்குள் குமிழாக அடைந்திருக்கும் வாயு, கலக்கியதும் மொத்தமாக வெளியேறுகிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்கிறது.

முதல் கன்று படுப்பதற்கு மடக்குவது போலத்தான் முன்னங்காலை மடக்கியது. பிறகு தலை சாய்ந்தது. காலையில் குடித்த பாலின் நுரை அதன் வாயோரத்தில் காய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே பாய்ந்தேன். அண்ணன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். தோள் தையல் கிழிந்தது. "கன்று போனால் போகட்டும், நீ நில்லடா!" என்று கத்தினார். அன்று அவரை அடிக்கக் கை ஓங்கினேன். வெளியிலிருந்தே இயந்திரத்தை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டு, விசிறியை ஓடவிட்டுக் காத்திருந்தோம். மூன்று கன்றுகள் இறந்துவிட்டன. நான்காவது பல நாள் இருமி இருமிப் பிழைத்தது.

கோழி வளர்ப்பவர்:

அண்ணன் செய்ததுதான் சரி. விழுந்த மாட்டைத் தூக்க ஒருவர் போவதும், அவரைத் தூக்க இன்னொருவர் போவதுமாகக் குடும்பமே மாண்ட கதைகள் இந்தத் தொழிலில் உண்டு.

எங்களுக்கு நேர்ந்தது குளிர் இரவில். குஞ்சுகளுக்கு எரிவாயு அடுப்பு வைத்து, திரைகளை இறுக்க மூடிவிட்டோம். விடியலில் கீச்சொலியே கேட்கவில்லை. அடுப்பைச் சுற்றிக் குவியலாகக் கிடந்தன. மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது இரத்தம் பளிச்சென்ற சிவப்பில் இருந்தது. அடுப்பு சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு என்றார். முந்தைய இரவு அங்கே இருந்த எனக்கும் தலைவலி வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அந்தத் தலைவலி ஒன்றுதான் எனக்குக் கிடைத்த எச்சரிக்கை.

சைலேஜ் போடுபவர்:

பசுந்தீவனத்தைக் காற்றுப்புகாமல் அடைத்துப் புளிக்க வைப்பதுதான் சைலேஜ். அதற்கான எங்கள் கோபுரத்தில் மக்காச்சோளம் நிரப்பிய இரண்டாம் நாள், இறங்குகுழாயின் அடியில் மஞ்சளும் பழுப்புமாகப் புகை தேங்கியிருந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி. அடைத்த தீவனத்திலிருந்து கிளம்பும் நைட்ரஜன் டைஆக்சைடு என்ற நச்சுவாயு அது. நிரப்பிய முதல் சில நாட்கள்தான் மிக மோசம். மூன்று வாரம் வரை உள்ளே போகக் கூடாது. குழாயை ஒட்டிக் கட்டியிருந்த பசுவை நாங்கள் இழந்தோம். தப்பித்ததாக நினைத்தாலும், நுரையீரலில் நீர் கோத்து மணிக்கணக்கு கழித்தும் உயிர் போகலாம்.

கிளி வளர்ப்பவர்:

பண்ணை இல்லாத வீட்டிலும் இது நடக்கும் என்பதற்காக எழுதுகிறேன். ஒட்டாத பூச்சுள்ள வாணலி வெறுமையாக அடுப்பில் காய்ந்து, பூச்சிலிருந்து நச்சுப் புகை கிளம்பிவிட்டது. சமைத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து அறையில் இருந்த கிளி சில நிமிடங்களில் கூண்டின் அடியில் கிடந்தது. பறவையின் நுரையீரல் காற்றை நம்மைவிட வேகமாக உறிஞ்சுகிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை முன்கூட்டியே அறிய 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்தது இதனால்தான்.

மாடு வளர்ப்பவர்:

துணி முகமூடி போதுமா என்று தனியாகக் கேட்ட தம்பிக்கு: போதாது. தூசி முகமூடியும் இந்த வாயுவை நிறுத்தாது. சுத்தமான காற்றை உருளையில் சுமந்து செல்லும் மூச்சுக்கருவி இருந்தால்தான் இறங்கலாம். அதுவும் பழகியவர் மட்டுமே. இப்போதெல்லாம் காற்றடிக்கும் நாளாகப் பார்த்துத்தான் கலக்குகிறோம். கன்றுத் தடுப்பைத்தான் முதலில் காலி செய்கிறேன். வெளியே நிற்கும் கன்றுகளை அண்ணன் எண்ணிச் சொன்ன பிறகே இயந்திரத்தை முடுக்குகிறேன்.