'செக்' என்ற ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்?

கேள்வி:
வங்கியில் கொடுக்கும் செக், கணக்கைச் செக் பண்ணுவது, கட்டம் போட்ட செக் சட்டை, செக் போஸ்ட், சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கும் செக். இவையெல்லாம் ஒரே சொல்லா, ஒலி மட்டும் ஒத்துப்போகிறதா? மொழிபெயர்ப்பில் 'சரிபார்' என்று போட்டால் பாதி இடங்களில் ஒட்டவில்லை.

மறுமொழி 1:
எல்லாம் ஒரே குடும்பம். வேர், அரசனைக் குறிக்கும் பாரசீக 'ஷா'. ராஜா தாக்குதலில் சிக்கினால் 'ஷா' என்று குரல் கொடுத்து எச்சரிப்பது ஆட்ட வழக்கம். ஆட்டத்தோடு அந்தக் குரலும் அரபிக்குப் போய், பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. 'செஸ்' என்பது அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்தது. ஆக, ஆங்கிலப் பெயருக்கும் 'சதுரங்கம்' என்ற சொல்லுக்கும் உறவில்லை. அந்தச் சொல் ஸ்பானியத்தின் 'அஹெத்ரெஸ்', போர்த்துகீசியத்தின் 'ஷத்ரேஸ்' போன்றவற்றில் உருமாறி வாழ்கிறது.

செக் விழுந்தால் நினைத்த காயை நகர்த்த முடியாது, முதலில் ராஜாவைக் காக்க வேண்டும். அதனால் 'தடுத்து நிறுத்து' என்ற பொருள் பிறந்தது. பிறகு 'கட்டுப்படுத்து'. தப்பு நடக்காமல் தடுக்கப் பார்ப்பதால் 'சரிபார்' அதற்கும் பிந்தியது. செக் போஸ்ட்டில் தடுப்பதும் சோதிப்பதும் சேர்ந்தே இருக்கின்றன.

செக் குடியரசை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அது ஸ்லாவிய இனப்பெயர்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. சட்டையும் வங்கியும் எப்படி வந்தன?

மறுமொழி 2:
சட்டை, பலகையின் கட்டங்களால் வந்தது. சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஷெக்கியே'. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசு வரிக்கணக்கு பார்த்த மேசைக்கும் அதே பெயர். பத்தடி நீளம், ஐந்தடி அகலம், காசு உருளாமலிருக்க நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. வலது ஓரத்துப் பத்தி பென்னி, அடுத்தது ஷில்லிங், பிறகு பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். ரோமன் எண்களில் பூஜ்யம் இல்லை. இங்கே வெறும் கட்டமே பூஜ்யத்தின் வேலையைச் செய்தது. கருவூலத்துக்கு 'எக்ஸ்செக்கர்' என்ற பெயர் இந்த மேசை தந்ததுதான்.

வங்கிச் செக் 18ஆம் நூற்றாண்டுச் சேதி. முதலில் அந்தப் பெயர், மோசடியைக் கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்க்கும் அடிக்கட்டைக்கே இருந்தது. பிறகு தாளுக்கு ஏறியது. பிரிட்டிஷார் எழுத்தில் 'கியூ' நுழைந்தது எக்ஸ்செக்கரின் சாயலால். அமெரிக்கர்கள் இன்றும் 'சி, கே' என்றே முடிக்கிறார்கள்.

மறுமொழி 3:
மொழிபெயர்ப்புக்கு ஒரு சோதனை: செக் என்ற வினைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். கணக்கு, கதவு, டிக்கெட் என்றால் சரிபார்க்கலாம். நோய், களை, விலையேற்றம் என்றால் தடுக்க வேண்டும். 'நோய்ப் பரவலைச் சரிபார்க்க நடவடிக்கை' என்று வருவது இதைக் கவனிக்காததால்தான். 'அன்செக்டு' என்றால் 'சரிபார்க்கப்படாத' என்று உடனே எழுதாதீர்கள். அதிகாரத்தைப் பற்றிய வாக்கியமென்றால் 'தட்டிக் கேட்க ஆளில்லாத' என்பதே சரி. ஒருவரின் கடந்த காலத்தைச் 'செக்கர்டு' என்றால் கட்டத்துக்கு அங்கே வேலையில்லை, நல்லதும் கெட்டதும் கலந்தது என்று பொருள். அமெரிக்க உணவகத்தில் 'செக்' கேட்டால் அது பில். காசோலை என்று எழுதினால் காட்சியே மாறிவிடும்.

'எதிர்க்கட்சிக்குச் செக்' என்று நம் செய்தித்தாள்கள் தலைப்புப் போடுவது மட்டும் சதுரங்கப் பொருளில் அப்படியே நிற்கிறது. அதை மாற்றத் தேவையில்லை.