அரசியல் பத்தி எழுத விருப்பம், எங்கை தொடங்கிறது?

கோண்டாவில் பெடியன்:
வணக்கம். கம்பஸிலை ஊடகக் கற்கை முடிச்சிட்டன். இப்ப ஒரு இணையத்தளத்துக்குப் பிரதேச செய்தி எழுதுறன். பிரதேச சபைக் கூட்டம், விபத்து, கோயில் திருவிழா. மாதச் சம்பளம் இல்லை, செய்திக்கு இவ்வளவு எண்டுதான். எனக்கு அரசியல் ஆய்வு எழுதத்தான் ஆசை. உதை விட்டிட்டு நேரா அதுக்குப் போகலாமோ?

இணுவிலாள்:
சனல் ஒண்டைத் தொடங்குங்கோ தம்பி. அரசியல் ஆய்வாளர் எண்டு பேருக்குக் கீழை போட ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை. 😀

பழைய ஒப்புநோக்காளர்:
விடாதேங்கோ தம்பி. தொண்ணூறுகளிலை யாழ்ப்பாணத்திலை பத்திரிகைக் கந்தோரிலை இருந்தனான். பொருளாதாரத் தடை, கடதாசி வராது, கோடு போட்ட கொப்பித் தாளிலையும் பேப்பர் அடிச்ச காலம். இடம் இல்லாதபடியாலை சும்மா வசனம் நிக்காது. "சர்வதேசம் உன்னிப்பாகக் கவனிக்கிறது" எண்டு ஆரும் எழுதித் தந்தால் ஆசிரியர் "எந்த நாடு? ஆர் சொன்னது?" எண்டு சிவப்புப் பேனையாலை கீறித் திருப்பி விடுவார். இப்ப உந்த வசனம் இல்லாமல் ஒரு ஆய்வும் இல்லை!

சிவராமைப் பாருங்கோ. 1989 இலை 'தி ஐலண்ட்' பத்திரிகையிலை தராக்கி எண்ட பேரிலை எழுதத் தொடங்கின மட்டக்களப்பார். சனம் அவரை ஆய்வாளர் எண்டுதான் நினைச்சு வைச்சிருக்கு. தமிழ்நெற் எண்ட செய்தி இணையத்தளத்திலை ஊரூராச் செய்தியாளரை வைச்சு, அவை அனுப்பினதைத் திருத்திப் போட்டதும் அவர்தான். எந்த வீதி ஆற்றை கையிலை, சாமான் எந்தப் பாதையாலை போகுது எண்டு தெரிஞ்சுதான் இராணுவ நிலைமை எழுதினவர். 2005 ஏப்ரல் 28 பம்பலப்பிட்டியிலை கடத்தினாங்கள். அடுத்த நாள் பாராளுமன்றத்துக்குக் கிட்ட உடல் கிடந்தது.

எங்கடை நிமலராஜன் ஆய்வு எழுதிப் பேர் எடுத்தவர் இல்லை, செய்தியாளர். பிபிசி தமிழோசைக்கும் சிங்களச் சேவைக்கும் செய்தி குடுத்தவர். 2000 தேர்தலிலை யாழ்ப்பாணத் தீவகத்திலை நடந்த முறைகேடுகளை வெளியிலை கொண்டுவந்தார். அந்த ஒக்ரோபர் 19, ஊரடங்கு நேரத்திலை வீட்டிலை வைச்சுச் சுட்டுட்டாங்கள்.

பிரதேச சபைக் கூட்டத்தைக் குறைச்சு நினைக்காதேங்கோ. பாதீட்டு வாக்கெடுப்பு அண்டைக்குப் போய் இருங்கோ. மேடையிலை ஜென்மப் பகையாக் கதைக்கிற கட்சியள் எந்த இடத்திலை ஒண்டாக் கை உயர்த்துதுகள் எண்டு குறிச்சு வையுங்கோ. கொழும்பிலை இருந்து எழுதிறவைக்கு உது கிடைக்காது.

கோண்டாவில் பெடியன்:
நன்றி ஐயா. பழைய ஆக்களின்ரை எழுத்தை எங்கை எடுக்கலாம்? உதிலை சீவிக்கலாமோ?

ரீச்சர்:
'நூலகம்' எண்ட இணையத்தளத்திலை 'ஈழநாடு', 'சற்றர்டே ரிவியூ' இதழ்கள் இருக்கு, இலவசம். பிந்தினது 1982 இலை யாழ்ப்பாணத்திலை தொடங்கின ஆங்கில வார இதழ். ஆசிரியர் சிவநாயகம். 83 ஜூலையிலை அரசாங்கம் பூட்டினது.

பத்தி எழுதி மட்டும் சீவிக்கேலாது, படிப்பிக்கிற வேலை மாதிரி ஒண்டு கையிலை இருக்கவேணும். அதோடை சிங்களம் வாசிக்கப் பழகுங்கோ. பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டிலை ஒரு எம்பி பேசினது பேசின மொழியிலைதான் அச்சாகும். அது விளங்காட்டி அமைச்சர் என்ன சொன்னவர் எண்டதை ஃபேஸ்புக்கிலைதான் தேடவேணும்.