ஒரே குளிப்பாட்டல், ரெண்டு சம்பளம்: ஷாட்ஸ் அவார்டுக்குள்ள கோடு எங்க போடுறது?

நாரிநோக்காரி (பெண்டில் ஹில்)

எல்லாருக்கும் வணக்கம். கன நாளா மனசுக்குள்ள கிடந்து உருளுற விசயம், இண்டைக்கு எழுதிப்போடுறன்.

நான் சிட்னியில வீட்டுப் பராமரிப்பு வேலை. காலமை ஏழு மணிக்கு 84 வயசு அம்மா ஒராள். குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி, கஞ்சி பருக்கிப்போட்டு காரை எடுத்தால் அடுத்தது 38 வயசுத் தம்பி ஒராள், சக்கர நாற்காலி. அவருக்கும் அதே குளிப்பு, அதே ஹோய்ஸ்ட் (ஆளைத் தூக்கிற மெஷின்), அதே கையுறை. ஆனால் 2023 ஜூன் 30இல இருந்து அம்மா வீட்டு மணித்தியாலத்துக்கு 15 வீதம் கூடிச்சுது. தம்பி வீட்டுக்கு அது இல்லை. தம்பிதான் பாரம் கூட. அது என்ர நாரிக்குத் தெரியும், சம்பளம் தீர்மானிக்கிற கமிஷனுக்குத் தெரியாது போல.

புதுசா வந்த பிள்ளைகளுக்காகச் சொல்லுறன்: அவார்ட் எண்டால் மேடையில குடுக்கிற பரிசில்லை. ஒரு தொழிலுக்கு ஆகக் குறைஞ்ச சம்பளம், லீவு, ஓவர்டைம் எல்லாத்தையும் ஃபேர் வொர்க் கமிஷன் எழுதி வைக்கிற சட்டம். சமூக சேவை, வீட்டுப் பராமரிப்பு, மாற்றுத்திறனாளி சேவை எல்லாத்துக்கும் இருக்கிற அவார்டைத்தான் ஷாட்ஸ் எண்டு சொல்லுறது. அவார்ட் ஒண்டு, ஆனால் உள்ளுக்குள்ள அட்டவணை வேற வேற. வீட்டுப் பராமரிப்பிலயே மாற்றுத்திறனாளிக்கு ஈ, முதியவருக்கு எஃப்.

என்ர கேள்வி இதுதான். செய்யிற வேலையைப் பாத்துச் சம்பளமா, படுத்திருக்கிற ஆளின்ர வயசைப் பாத்துச் சம்பளமா?

பதினாலுபேர் (பிளாக்டவுன்)

அக்கா, உங்க இடுப்பு வலி புரியுது. ஆனா நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன். எங்கிட்ட 14 பேர் வேலை பார்க்கிறாங்க, அதான் இந்தப் பேரு.

15 சதவீதம் வந்தப்போ அரசாங்கம் அதுக்குன்னு 11.3 பில்லியன் டாலர் ஒதுக்குச்சு. முதியோர் பக்கம் பில் போனது கேன்பராவுக்கு. மாற்றுத்திறனாளி பக்கம் எனக்கு என்.டி.ஐ.எஸ், அதாவது அரசோட மாற்றுத்திறனாளி உதவித் திட்டம், வச்ச உச்சவிலை இருக்கு. 2025-26இல் வாரநாள் பகலுக்கு மணிக்கு 70.23 டாலர். அதுக்கு மேல ஒரு காசு வாங்க முடியாது. அதுலதான் சம்பளம், 12 சதவீத சூப்பர் (ஓய்வுக்காலச் சேமிப்பு), லீவு, காப்பீடு, பயிற்சி, ரோஸ்டர் (வேலை நேரப் பட்டியல்) போடுற பொண்ணோட சம்பளம், ஆபீஸ் வாடகை எல்லாம்.

ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவுல இருக்கிற கோட்டை அழின்னு கமிஷன் சொல்லிடும். விலையை ஏத்துன்னு கமிஷனால சொல்ல முடியாது. அது வேற கட்டடம், வேற லிஃப்ட்.

இன்னொண்ணும் சொல்றேன். 2022 ஜூலை 1லேர்ந்து ஆளைக் கூப்பிட்டா குறைஞ்சது ரெண்டு மணி நேரச் சம்பளம். மாத்திரை போட்டாங்களான்னு பார்த்துட்டு வர்ற அரை மணி வேலைக்கும் ரெண்டு மணி. என்ன ஆச்சு? அந்த அரை மணி வேலையெல்லாம் ஆப்ல ஏபிஎன் (சுயதொழில் பதிவு எண்) வச்சுக்கிட்டு வர்ற ஆள்கிட்ட போயிடுச்சு. அவங்களுக்கு அவார்டும் கிடையாது, ரெண்டு மணியும் கிடையாது. உள்ள இருக்கிறவன் மேலயே இன்னும் மூட்டை ஏத்தினா எல்லாரும் வெளிய ஓடுவாங்க. அவ்வளவுதான் என் கட்சி.

பழைய டெலிகேட் (ஆபர்ன்)

தம்பி பதினாலுபேர், இந்தப் பாட்டை நான் 80களிலேயே தொழிற்சாலையில் கேட்டிருக்கிறேன், மெட்டுக்கூட மாறவில்லை.

அப்போது மத்திய அவார்ட் யாரைக் கட்டும் என்பதே வேறு கதை. முதலாளியின் பெயர் பட்டியலில் இருந்தால் கட்டும், இல்லாவிட்டால் கட்டாது. மத்திய அரசுக்கு அப்போது மாநில எல்லை தாண்டிய தகராறைத் தீர்க்கும் அதிகாரம்தான். தகராறு இருந்தால்தானே தீர்க்க முடியும்? ஆகவே யூனியன் நூற்றுக்கணக்கான முதலாளிகளுக்குத் தபாலில் ஒரு கோரிக்கைப் பட்டியல் அனுப்பும். அதில் கேட்கும் சம்பளம் வேண்டுமென்றே வானத்தில் இருக்கும். முதலாளி மறுப்பார், அல்லது பதிலே போடமாட்டார். அதுதான் ‘தகராறு’. காகிதத் தகராறு என்றே பெயர். பெயர் விட்டுப்போனவர்களைப் பிறகு இழுத்துப் போடுவதற்கு ‘ரோப்பிங் இன்’ அவார்ட். மாட்டைக் கயிறு வீசிப் பிடிப்பது மாதிரி. தபால் கிடைத்த கடைக்காரர் ஒருவர், சங்கம் தன்னைத் தெருவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது என்று நடுங்கிப்போய் என்னிடமே வந்து கேட்டார்.

2010 ஜனவரி 1 முதல் அந்தப் பெயர்ப்பட்டியல் போயிற்று. ஆயிரத்துக்கு மேல் இருந்த மாநில, மத்திய அவார்டுகளைக் கசக்கி 122 ஆக்கினார்கள். இப்போது கட்டுவது பெயர் இல்லை, சொல். இந்தத் தொழில், இந்த வகை வேலை என்று எழுதியிருக்கும் வரி. உங்கள் எல்லாரின் சம்பளமும் அந்த ஒரு வரியின் காற்புள்ளியில் தொங்குகிறது. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்பது மூட்டை ஏற்றுவது ஆகாது.

பேரோல் பாண்டி (மெல்பர்ன்)

சம்பளப் பட்டியல் போட்டுப் போட்டுக் கண்ணு போனவன்கிற முறையில மூணு விஷயம்.

முதல்ல அக்காவுக்கு. தம்பி வீட்டுக்கு உங்களை ஈ அட்டவணையில போட்டிருக்கிறது சரியான்னே எனக்குச் சந்தேகம். ஷாட்ஸ்ல பி அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, சமூக சேவைப் பிரிவு. அதோட வரையறைக்குள்ளேயே மாற்றுத்திறனாளி சேவை வருது: சமூகத்திலயோ தங்குமிடத்திலயோ தர்ற உடல் பராமரிப்பு, வீட்டு உதவி, வாழ்க்கை ஆதரவு. வீட்டுப் பராமரிப்புப் பிரிவோட வரையறையிலயும் அதே உடல் பராமரிப்பு, வீட்டு உதவி, ஆனா ‘தனியார் வீட்டில்’. தங்குமிடம் எங்க முடியுது, தனியார் வீடு எங்க ஆரம்பிக்குது? இந்தச் சந்துலதான் பாதிப் பேரோட சம்பளம் காணாமப் போகுது.

ஏன் முக்கியம்னா, 2012 பிப்ரவரியில ஆண்-பெண் சம சம்பளத் தீர்ப்பு வந்தப்போ பி பிரிவுக்கு 23லேர்ந்து 45 சதவீதம் வரைக்கும் ஏத்தம் கிடைச்சுது. 2012 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2020 டிசம்பர் வரை தவணை தவணையா வந்து சேர்ந்துச்சு. வீட்டுப் பராமரிப்புப் பிரிவை அதுல சேர்க்கலை. ஆக தம்பியைக் குளிப்பாட்டிட்டு கடைக்கும் பார்க்குக்கும் கூட்டிப் போய் அவரே பஸ் ஏறப் பழக்குறீங்கன்னா, ஈ-ன்னு கண்ணை மூடிக்கிட்டுப் போட முடியாது.

ரெண்டாவது, பதினாலுபேர் அண்ணனுக்கு. நீங்க சொன்ன 70.23 எப்படி வந்துச்சு? என்.டி.ஐ.எஸ் ஒரு செலவுக் கணக்கு வச்சிருக்கு. அதோட அடித்தளமே பி அட்டவணைச் சம்பளம்தான். பி-க்கு விலை வாங்கிட்டு ஈ-ல சம்பளம் போடுற நிறுவனம் இருந்தா, அவங்க நஷ்டக் கணக்கைக் கேட்டு எனக்குக் கண்ணீர் வராது. உங்களைச் சொல்லலை.

மூணாவது, கோட்டை அழிக்கிறதுங்கிற பேச்சு. 2025 ஏப்ரல் 16ஆம் தேதி கமிஷன், பெண்கள் அதிகமா வேலை பார்க்கிற அஞ்சு அவார்டுகளை எடுத்து ஒரு முடிவு சொல்லிச்சு. ஷாட்ஸ் விஷயத்துல அவங்களோட தற்காலிகக் கருத்து: இந்தப் பிரிவுகளை எல்லாம் சேர்த்து ஒரே வகைப்பாடு ஆக்கலாம், 2012 சம சம்பள ஆணையை எடுத்துடலாம். கேட்கிறதுக்கு அக்கா கேட்டதேதான். ஆனா யூனியன் பக்கமே எதிர்ப்பு வந்துச்சு. ஏன்னா ஈ மேல வரும்போது பி-யோட மேல்படியில இருக்கிறவங்க கீழ இறங்கலாம். கோட்டை அழிக்கணும்னா எந்த உயரத்துல சமன் பண்றதுன்னு முதல்ல சொல்லுங்க.

நாரிநோக்காரி (பெண்டில் ஹில்)

பாண்டித் தம்பி, தலை சுத்துது. பி, ஈ, எஃப் எண்டு பள்ளிக்கூட றிப்போட் மாதிரி. எங்களை வேலைக்கு எடுக்கேக்க ஒருத்தரும் இந்த எழுத்தைச் சொல்லேல்லை.

நான் தம்பியைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போறனான். வாரத்தில ரெண்டு நாள் பெண்டில் ஹில் ஸ்டேஷன்ல இருந்து பரமட்டாவுக்கு றெயின். காட் தட்டுறது, பிளாட்ஃபோர்ம் பாக்கிறது எல்லாம் அவரே. போன மாசம் நான் பேசாமல் பின்னால நிண்டன், அவர் தனிய ஸ்டேஷன் ஆளைக் கூப்பிட்டு ரேம்ப் போடச் சொன்னவர். அது வீட்டுப் பராமரிப்போ?

மற்றது, பதினாலுபேர் அண்ணை, நான் உங்களைப் போல ஆக்களைக் குறை சொல்லேல்லை. ஆனால் ‘காசு இல்லை’ எண்டதுக்கும் ‘உரிமை இல்லை’ எண்டதுக்கும் இடையில தூரம் கிடக்கு. நீங்கள் ரெண்டையும் சேத்துக் கதைக்கிறியள்.

பதினாலுபேர் (பிளாக்டவுன்)

சேர்த்துத்தான் பேசுவேன் அக்கா. காசு இல்லாத உரிமையை வாங்கி எங்க வைக்கிறது? நான் கடையைச் சாத்தினா அந்த 14 பேருக்கும் எந்த அட்டவணை?

பாண்டி தம்பி, ‘உங்களைச் சொல்லலை’ன்னு சொல்லிட்டு என்னையே பார்த்துப் பேசுறீங்க. பரவாயில்லை. ஆனா எல்லாரையும் அவார்டுக்குள்ள இழுத்தா எங்க நிறுத்துவீங்க? நாளைக்கு என் மேனேஜரும் அவார்ட் கேட்பார். நாய் பார்த்துக்கிற பையனும் கேட்பான்.

பேரோல் பாண்டி (மெல்பர்ன்)

நாய் பார்த்துக்கிற பையன் கேட்டாச்சு அண்ணே! நிஜமாத்தான். 2018ல குவீன்ஸ்லாந்துல செல்லப்பிராணி தங்குமிடத்து ஆட்கள் பத்தி ஒரு வழக்கு. நாய்க்கூண்டு கழுவுறவங்களுக்குன்னு எந்தத் தொழில் அவார்டும் இல்லை. அதனால அவங்க அவார்டே இல்லாதவங்கன்னு முதலாளி பக்கம் வாதம். வேற எதுலயும் சேராதவங்களுக்குன்னு வச்சிருக்கிற மிஸலேனியஸ் அவார்ட் இவங்களைக் காக்கும்னு கமிஷனோட முழு பெஞ்ச் சொல்லிடுச்சு. அப்புறம் அந்த அவார்டோட வரம்பு வரியையே திருத்தி, 2020 ஜூலை 1லேர்ந்து அமலாச்சு. சாதாரண வேலை செய்றவங்க ஓட்டை வழியா விழுந்துடக்கூடாதுன்னுதான்.

மேனேஜர் பயம் வேண்டாம். ஃபேர் வொர்க் சட்டம் 143ஆம் பிரிவு, வேலையோட தன்மையாலயோ பதவி உயரத்தாலயோ வழக்கமா அவார்டுக்கு வெளிய இருந்தவங்களை உள்ள சேர்க்காதேன்னு சொல்லுது. 163ஆம் பிரிவு மறுபக்கம்: உள்ள இருக்கிறவங்களை வெளிய தள்ளணும்னா, அவங்களுக்குப் பொருத்தமான இன்னொரு அவார்ட் இருந்தாத்தான் முடியும். வாசல் ரெண்டு பக்கமும் பூட்டு இருக்கு.

ரெயின்கோட் (ஹாரிஸ் பார்க்)

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. நான் மாஸ்டர்ஸ் படிக்கிறேன், ராத்திரி சாப்பாடு டெலிவரி. நீங்க எல்லாம் எந்த அட்டவணைன்னு சண்டை போடுறீங்க, நான் எந்த அவார்ட்லயும் இல்லை. போன வாரம் மழையில பிரியாணிப் பையோட ஒரு கடை வாசல்ல 25 நிமிஷம் நின்னேன், அதுக்குக் காசு பூஜ்யம். 2024 ஆகஸ்ட் 26லேர்ந்து எங்களை மாதிரி ஆட்களுக்கும் கமிஷன் ஏதோ போடலாம்னு சொன்னாங்களே, அது அவார்டா?

பழைய டெலிகேட் (ஆபர்ன்)

தம்பி, அது அவார்ட் இல்லை, அவார்டின் ஒன்றுவிட்ட தம்பி. ‘தொழிலாளி மாதிரி’ என்று சட்டத்தில் ஒரு புது இனம் உண்டாக்கினார்கள். உங்களுக்குக் குறைந்தபட்சத் தர ஆணை போடக் கமிஷனுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஓவர்டைம் விகிதமும் ரோஸ்டரும் அந்த ஆணைக்குள் வரக்கூடாது என்று சட்டமே கையைக் கட்டிவிட்டது. ஆப் வழியாக வரும் பராமரிப்பு வேலைக்காரர்களுக்கும் இந்த வாசல் திறக்கலாம். ஆகவே பதினாலுபேர் சொன்ன ஏபிஎன் போட்டிக்கு மருந்து உள்ளிருப்பவரின் கூலியை அமுக்குவதில் இல்லை, வெளியிலிருப்பவரைத் தூக்குவதில் இருக்கிறது.

அதே நாளிலிருந்து இன்னொன்றும் நடந்தது. 2022இல் உயர் நீதிமன்றம் ஒப்பந்தக் காகிதத்தில் எழுதியிருப்பதே பெரிது என்றது. அந்தச் சட்டம் அதைத் திருப்பி, நடைமுறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார் என்று எழுதிவைத்தது. ஏபிஎன் கையில் இருப்பதாலேயே ஒருவன் முதலாளி ஆகிவிடமாட்டான்.

பதினாலுபேர் (பிளாக்டவுன்)

இதுல உங்களோட ஒத்துப்போறேன் ஐயா, முதல் தடவையா. வெளிய இருக்கிறவனுக்கும் ஒரு தரை போட்டா நானும் மூச்சு விடுவேன். ஆனா 15 சதவீதக் கணக்கு இன்னும் தீரலை. விலை ஏறாம சம்பளம் ஏறக்கூடாதுங்கிறதுல நான் மாறலை.

நாரிநோக்காரி (பெண்டில் ஹில்)

மூண்டு நாள் கழிச்சு வாறன். பேஸ்லிப்பை எடுத்துப் பாத்தன். ‘ஹோம் கேர்’ எண்டு ஒரு வரி, லெவல் ரெண்டு, அவ்வளவுதான். எழுத்தும் இல்லை ஒண்டும் இல்லை. தம்பியின்ர அம்மா தனக்கு வந்த பில்லைக் காட்டினவ. மணித்தியாலத்துக்கு 70.23, சதம் குறையேல்லை. றெயினில போற நாளும் வீட்டில நிக்கிற நாளும் எனக்கு ஒரே சம்பளம்.

கோர்டினேட்டருக்கு ரெண்டு வரி ஈமெயில் போட்டிருக்கிறன்: நான் எந்த அட்டவணையில இருக்கிறன், ஏன்? இன்னும் மறுமொழி இல்லை.

பதினாலுபேர் (பிளாக்டவுன்)

இது உங்க கம்பெனி சமாச்சாரம், அதைப் பத்தி நான் பேசலை. ஆனா நேத்து ராத்திரி என் ஃபைலைத் திறந்தேன். ஈ-ல நாலு பேர் இருக்காங்க. அதுல மூணு பேர் வாரம் ரெண்டு தடவையாவது ஆளை வெளிய கூட்டிட்டுப் போறாங்க. நான்தான் ரோஸ்டர்ல ‘வெளியே’ன்னு குறிச்சு வச்சிருக்கேன், என் கையெழுத்துலயே.

பாண்டி, உங்களுக்குத் தனியா ஒரு மெசேஜ் போட்டிருக்கேன். பார்த்துட்டுச் சொல்லுங்க.